ஆட்டிசமும் நடத்தைச் சிகிச்சையும்: ஒரு தொழில் உருவான வரலாறு

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு நடத்தைச் சிகிச்சை அளிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட உளவியலாளர்கள் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றினார்கள். அதற்கு முன் அப்படியொரு தொழிலுக்கு இடமே இருக்கவில்லை. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கேனர், 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனியொரு நிலையாக விவரிக்கப்பட்டது. அவர்களில் முதலாவதாகக் குறிக்கப்பட்ட, மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட், பின்னாளில் வங்கியில் வேலை பார்த்து, சொந்தமாகக் கார் ஓட்டி, பல நாடுகளைச் சுற்றிப் பார்த்து, 2023இல் 89ஆம் வயதில் காலமானார். எல்லாருக்கும் அந்த வாழ்வு அமையவில்லை. பேச்சு வராத குழந்தைகள், தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் குழந்தைகள் பெரும்பாலும் அரசு மனநல மருத்துவமனைகளின் நீண்ட கூடங்களுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே முதுமை அடைந்தார்கள்.

அக்காலத்தில் உளவியலாளரின் வேலை, நுண்ணறிவுச் சோதனை நடத்தி மருத்துவரிடம் மதிப்பெண்ணை ஒப்படைப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. சிகிச்சை என்பது மனநல மருத்துவரின் எல்லை. அந்த எல்லைக்குள் ஃபிராய்டு வழிவந்த உளப்பகுப்பாய்வே கோலோச்சியது. தாயின் அன்பின்மைதான் குழந்தையை உள்ளொடுங்கச் செய்கிறது என்று அந்த மரபினர் நம்பினார்கள். சிகாகோவில் உறைவிடப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் இந்தக் கருத்தை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. ஏற்கெனவே நொந்துபோயிருந்த தாய்மார்கள் மீது அது சுமத்திய பழியின் பாரம் இரண்டு தலைமுறைகளுக்கு இறங்கவில்லை. கடற்படையில் பணியாற்றிய உளவியலாளரும் ஆட்டிசம் உள்ள சிறுவன் ஒருவனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் எழுதிய நூலில், ஆட்டிசத்தின் வேர் மூளையில் இருக்கிறதே ஒழிய வளர்ப்பில் இல்லை என்று சான்றுகளை அடுக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டு பெற்றோர்களின் தேசிய சங்கத்தையும் அவர் தொடங்கினார். தாய்மீதான பழி நீங்கியபோது, தாயையே சிகிச்சையில் துணையாளாக்கும் வழியும் திறந்தது. நடத்தை உளவியலாளர்களின் தொழில் அந்த வழியாகத்தான் வளர்ந்தது.

அந்தத் தொழிலின் அறிவுக்கரு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. ஒரு செயலைத் தொடர்ந்து கிடைக்கும் பலன் அந்தச் செயல் மீண்டும் நிகழ்வதைக் கூட்டும் அல்லது குறைக்கும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1930களில் எலிகளையும் பின்னர் புறாக்களையும் வைத்து நுட்பமாக அளந்து காட்டியிருந்தார். செயலைப் பெருக்கும் பலனுக்கு வலுவூட்டி என்று பெயர். ஸ்கின்னரோடு சேர்ந்து நூல் எழுதிய சார்லஸ் ஃபெர்ஸ்டர், இண்டியானாபொலிஸ் நகரில் மரியன் டிமையர் என்ற மனநல மருத்துவரோடு இணைந்து, ஆட்டிசம் உள்ள குழந்தைகளை எந்திரங்கள் நிறைந்த அறையில் விட்டுப் பார்த்தார். ஒரு விசையை அழுத்தினால் தின்பண்டமோ இசையோ கிடைக்கும். எதையும் கற்க இயலாதவர்கள் என்று கைவிடப்பட்ட குழந்தைகள், பலன் தெளிவாக இருந்தபோது, எந்த விசை எப்போது பயன் தரும் என்பதைக் கற்றுக்கொண்டார்கள். 1961இல் ஃபெர்ஸ்டர் வெளியிட்ட கட்டுரை, இந்தக் குழந்தைகளின் நடத்தையையும் மற்றவர்களின் நடத்தையை ஆளும் அதே விதிகளே ஆளுகின்றன என்று வாதிட்டது. கற்பிக்க முடியும் என்பதை எந்திரம் காட்டிவிட்டது. ஆனால் விசையை அழுத்தத் தெரிவதால் ஒரு குழந்தைக்கு வாழ்க்கையில் ஆகப்போவது ஒன்றுமில்லை. பயனுள்ள ஒன்றைக் கற்பிக்கும் பணி வேறு ஊரில் தொடங்கியது.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சிட்னி பிஜூ என்பவர் குழந்தை வளர்ச்சி நிலையத்தை நடத்திவந்தார். அவரைச் சுற்றி டொனால்ட் பேயர், மான்ட்ரோஸ் உல்ஃப், டாட் ரிஸ்லி போன்ற இளைஞர்கள் திரண்டிருந்தார்கள். இவர்களிடம் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிய கோரிக்கை வந்தது. ஆய்வுக் கட்டுரைகளில் டிக்கி என்று குறிக்கப்படும் அந்தச் சிறுவனுக்குக் கண்புரை இருந்ததால் இரு கண்களின் லென்ஸ்களும் அகற்றப்பட்டிருந்தன. கண்ணாடி அணியாவிட்டால் சில மாதங்களில் பார்வை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று கண் மருத்துவர் எச்சரித்திருந்தார். டிக்கியோ முகத்தில் எதையும் வைக்கவிடமாட்டான். தூங்கமாட்டான். கத்திக்கொண்டே தலையை மோதிக்கொள்வான். மனநல மருத்துவமனையில் அவனைச் சேர்த்திருந்தார்கள்.

உல்ஃபும் ரிஸ்லியும், மருத்துவமனையைச் சேர்ந்த ஹேடன் மீஸும் வகுத்த திட்டம் எளிமையானது. கண்ணாடியில்லாத வெறும் சட்டங்கள் அறையில் ஆங்காங்கே வைக்கப்பட்டன. டிக்கி ஒன்றை எடுத்தால் சிறு உணவுத் துணுக்கு. கையில் வைத்திருந்தால் மேலும் ஒன்று. முகத்தருகே கொண்டுவந்தால் மற்றொன்று. இனிப்புக்கு அவன் பெரிதாக மயங்காததால் வேலை மெதுவாகவே நகர்ந்தது. காலை உணவையே துணுக்குகளாக்கிக் கொடுத்த பிறகு வேகம் கூடியது. கத்தி ஆர்ப்பாட்டம் செய்யும்போது யாரும் கெஞ்சவில்லை, திட்டவில்லை. அவனை அவன் அறையில் விட்டுக் கதவைச் சாத்தி, அடங்கிய பின் திறந்தார்கள். சில மாதங்களில் டிக்கி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கண்ணாடி அணிந்தான். வீடு திரும்பினான், பின்னர் பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியிலும் சேர்ந்தான். 1964இல் வெளியான இந்த அறிக்கையில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. உளவியலாளர்கள் திட்டம் வகுத்து, பதிவேடுகளைப் பார்த்து, திருத்தம் சொன்னார்கள். டிக்கியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் கூடத்தின் உதவியாளர்கள், பிறகு பெற்றோர். வகுப்பவர் ஒருவர், செய்பவர் வேறொருவர் என்ற இந்தப் பகிர்வு அன்றிலிருந்து இன்றுவரை தொழிலின் முதுகெலும்பாக இருந்துவருகிறது.

இந்தத் தொழிலுக்கு முகமாக அமைந்தவர் ஓலே ஐவார் லோவாஸ். 1927இல் நார்வேயின் லியர் என்னும் ஊரில் பிறந்தவர். பதின்ம வயதில் நாஜி ஆக்கிரமிப்பைக் கண்டவர். 1950இல் அமெரிக்கா வந்து, அயோவா மாநிலத்தின் லூதர் கல்லூரியில் படித்து, 1958இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்தில் மனநல மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக வேலை செய்தபோது உளப்பகுப்பாய்வின் நடைமுறையை அருகிலிருந்து பார்த்திருந்தார். பிஜூ, பேயர் ஆகியோரின் தொடர்பில் நடத்தைவாதத்தின் பக்கம் திரும்பி, 1961இல் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒரு சிறுமியின் நடத்தையை நிமிடக் கணக்கில் பதிவு செய்தபோது லோவாஸுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. அவள் தன்னை அடித்துக்கொள்ளும்போதெல்லாம் அருகில் இருப்பவர் அன்பாக, ஆறுதலாகப் பேசினால், அடித்துக்கொள்வது கூடியது. ஆறுதல் சொல்வதே சிகிச்சை என்று கற்பிக்கப்பட்டிருந்த காலத்தில் 1965இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு பெரும் அதிர்ச்சி. மறு ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, பேச்சே வராத இரண்டு ஆறு வயதுச் சிறுவர்களைப் பேசவைத்த முறையை விவரித்தது. முதற்கட்டத்தில் எந்த ஒலி எழுப்பினாலும் ஒரு வாய் உணவு. இரண்டாம் கட்டத்தில், பெரியவர் ஒலியெழுப்பிய ஆறு நொடிக்குள் குழந்தை ஒலியெழுப்பினால் மட்டும். மூன்றாவதில், பெரியவரின் ஒலியைப் போலவே இருக்கவேண்டும். நான்காவதில் அதோடு புதிய ஒலியொன்று சேரும். வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பல மணி நேரம் இப்படி உழைத்தார்கள். முதல் சொல்லுக்குப் பல நாள் ஆயிற்று. அதன் பின் சொற்கள் விரைவாகப் பெருகின. கட்டுரையின் தலைப்பு இவர்களைச் சிறுவயது மனச்சிதைவு உள்ளவர்கள் என்றே சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல்தான் ஆட்டிசத்தைத் தனிப் பெயராக ஏற்றது.

அதே ஆய்வுக்கூடத்தில் வலியும் கருவியாயிற்று. குழந்தைகளைக் கடிந்து கத்தினார்கள், அறைந்தார்கள், மின்னதிர்ச்சியும் கொடுத்தார்கள். 1965 மே மாதத்து ‘லைஃப்’ இதழ் இதைப் படங்களோடு வெளியிட்டது. அலறல்களும் அறைகளும் அன்பும் என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்தக் கட்டுரை, பெற்றோர் பலரை லோவாஸிடம் கொண்டுவந்து சேர்த்தது. மருத்துவமனைகளில் கைகால் கட்டப்பட்டுக் கிடக்கும் குழந்தையைவிடச் சில நொடி வலியோடு கட்டு அவிழ்ந்த குழந்தை மேல் என்பது அன்றைய வாதம். மாற்று வழி எதுவும் இல்லாத பெற்றோருக்கு அந்த வாதம் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்தச் சிறுவர்கள் எதை உணர்ந்தார்கள் என்பதைப் பதிவேடுகளில் எழுத ஒரு பத்திகூட ஒதுக்கப்படவில்லை. எத்தனை முறை, எத்தனை நொடி என்று எண்ணக்கூடியதை எல்லாம் எண்ணிய துறை, இதை எண்ணாமல் விட்டதற்குப் பின்னாளில் கணக்குச் சொல்லவேண்டி வந்தது. 1970களில் ஜார்ஜ் ரெக்கர்ஸ் என்ற மாணவரோடு சேர்ந்து, பெண்மைச் சாயல் உள்ள சிறுவர்களின் நடத்தையை மாற்றும் முயற்சியிலும் லோவாஸ் இறங்கினார். எதை மாற்றலாம் என்பதைவிட எதை மாற்ற வேண்டும் என்று யார் தீர்மானிப்பது என்ற கேள்வியை அந்தத் தலைமுறையில் பலர் எழுப்பவே இல்லை என்பதற்கு அது கசப்பான சான்று.

தொழிலின் போக்கை மாற்றியது ஒரு தோல்வி. முதற்கட்டக் குழந்தைகளின் பிற்கால நிலையை லோவாஸ், ராபர்ட் கோகல் முதலானோர் ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார்கள். சிகிச்சைக்குப் பின் பெற்றோரிடம் திரும்பிய குழந்தைகள் கற்றதைத் தக்கவைத்தார்கள், சிலர் மேலும் முன்னேறினார்கள். மருத்துவமனைக்குத் திரும்பியவர்கள் கற்றதையெல்லாம் இழந்திருந்தார்கள். மருத்துவமனைக் கூடத்தில் கற்ற பேச்சு, பேச ஆளில்லாத இடத்தில் வாடிப்போனது. இந்த முடிவை மூடி மறைக்காமல் அச்சிட்டது அவர்களின் நேர்மை. இதிலிருந்து மூன்று முடிவுகள் பிறந்தன: குழந்தை மிகச் சிறியதாக இருக்கும்போதே தொடங்குவது, வீட்டிலேயே நடத்துவது, பெற்றோரைப் பயிற்றுவிப்பது. 1970இலேயே தொடங்கியிருந்த இளங்குழந்தைகள் திட்டம் இவ்வழியில் நடந்தது. பட்டப்படிப்பு மாணவர்கள் பாடத்தின் பகுதியாகக் குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று மேசையெதிரே உட்கார்ந்து கற்பித்தார்கள். ஒரு கட்டளை, ஒரு பதில், ஒரு பலன், சிறு இடைவெளி, மீண்டும் கட்டளை. இந்தத் தனித்தனி முயற்சிப் பயிற்சியின் பாடத்திட்டம் 1981இல் கையேடாக வந்தது.

அந்த வீடுகளில் பயின்ற மாணவர்களே அடுத்த தலைமுறை உளவியலாளர்கள் ஆனார்கள். அவர்களில் சிறந்தவர்கள் ஆசிரியரின் பாதையிலேயே நின்றுவிடவில்லை. ராபர்ட் கோகலும் லாரா ஷ்ரைப்மனும் கலிஃபோர்னியாவின் வேறு வளாகங்களுக்குச் சென்று, மேசையைவிட்டுக் குழந்தையைத் தரைக்கு இறக்கினார்கள். விளையாட்டுப் பொருளைக் குழந்தையே தேர்ந்தெடுக்கும்; பந்து என்று சொன்னால் பந்தே கிடைக்கும், இனிப்பு அல்ல. எட்வர்ட் கார் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் பணியாற்றினார். 1985இல் மார்க் டுராண்டோடு அவர் வெளியிட்ட ஆய்வு, அடித்துக்கொள்வதும் கத்துவதும் பெரும்பாலும் பேச்சின் வேலையைச் செய்கின்றன என்று காட்டியது. கடினமான வேலையிலிருந்து தப்பவோ, ஒருவரின் கவனத்தைப் பெறவோ வேறு வழி தெரியாத குழந்தை அடித்துக்கொள்கிறது. உதவி கேட்கும் ஒரு வாக்கியத்தையோ சைகையையோ கற்றுக்கொடுத்தால் அடித்துக்கொள்ளவேண்டிய தேவை குறைகிறது. பால்டிமோரில் பிரையன் இவாட்டாவும் குழுவினரும் 1982இல் இதே திசையில், ஒவ்வொரு குழந்தையின் நடத்தைக்கும் காரணம் என்ன என்று சோதித்துக் கண்டறியும் முறையை வகுத்திருந்தார்கள். காரணம் தெரிந்த பின் தண்டனைக்கு வேலை குறைந்தது. இந்தத் துறையின் ஆகப்பெரிய சாதனை எதுவென்றால் இதைத்தான் சொல்லவேண்டும்; புகழ்பெற்ற மற்ற எந்த எண்ணிக்கையையும் அல்ல.

லாஸ் ஏஞ்சலிஸ் மட்டுமே மையம் அன்று. சியாட்டில் குழுவினர் பலர் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1968இல் இத்துறைக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார்கள். அதன் முதல் இதழில் பேயரும் உல்ஃபும் ரிஸ்லியும் எழுதிய கட்டுரை, சமூகத்துக்கு முக்கியமான நடத்தைகளையே ஆராயவேண்டும் என்று வரையறுத்தது. தமிழ்நாட்டுப் பெற்றோரும் இன்று ஏ.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்ற துறையின் இலக்கணம் அதுவே. நியூ ஜெர்சி மாநிலத்தில் 1970இல் பிரின்ஸ்டன் குழந்தை வளர்ச்சி நிலையமும், 1972இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மையமும் பள்ளிகளாக எழுந்தன. வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் அதே 1972இல் மாநிலம் முழுவதற்குமான திட்டத்தை நிறுவினார். சிகாகோவில் படித்தபோது பெட்டல்ஹைமை அருகில் கண்டு வெறுத்த ஷாப்லர், பெற்றோரைச் சக சிகிச்சையாளர்கள் என்றே அழைத்தார். ஊனமுற்ற குழந்தைகள் அனைவருக்கும் இலவசக் கல்வி என்ற 1975ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின், இத்தகைய பயிற்சி பெற்றவர்களுக்குப் பள்ளி மாவட்டங்களில் நிலையான வேலைகள் கிடைத்தன.

வேலை பெருகியபோது தகுதியற்றவர்களும் நுழைந்தார்கள். ஃபுளோரிடாவின் மயாமி நகரில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான சன்லாண்ட் என்ற அரசு இல்லத்தில், நடத்தைத் திருத்தம் என்ற பெயரில் அடி, நீண்ட தனிமைச் சிறை, இழிவுபடுத்தும் தண்டனைகள் நடந்தது 1972இல் வெளிவந்தது. வலுவூட்டல் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதைச் செய்யத் தகுந்தவர்கள் அல்லர் என்பது அங்கே கண்கூடாயிற்று. மாநில அரசு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 1980களில் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கும் முறையையும் கொண்டுவந்தது. நாடு முழுமைக்கும் பின்னர் வந்த சான்றிதழின் வித்து இதுவே.

1987இல் லோவாஸ் வெளியிட்ட ஆய்வு எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. நான்கு வயதுக்கு உட்பட்ட 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் பயிற்சி தரப்பட்டது. அவர்களில் 9 பேர் உதவியின்றி வழக்கமான முதல் வகுப்பை முடித்து, இயல்பான நுண்ணறிவு ஈவையும் எட்டினர் என்றது ஆய்வு. குறைந்த பயிற்சி பெற்றோ பெறாமலோ இருந்த ஒப்பீட்டுக் குழுக்களின் 40 பேரில் ஒருவர் மட்டுமே அந்நிலைக்கு வந்தார். குழந்தைகள் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கப்படவில்லை, உரத்த அதட்டலும் தொடையில் தட்டுதலும் பயிற்சியின் பகுதியாக இருந்தன என்ற குறைகளை அறிஞர்கள் உடனே சுட்டினார்கள். பின்னர் லோவாஸின் மாணவர் டிரிஸ்ட்ராம் ஸ்மித் தலைமையில் குலுக்கல் முறையில் நடந்த, 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் பலன் உண்டு என்றாலும் அளவு சிறிதாகவே இருந்தது. ஆனால் 19இல் 9, அதாவது 47 சதவீதம் என்ற எண் அதற்குள் பெற்றோரின் செவிகளில் பதிந்துவிட்டது. கேத்தரின் மாரிஸ் என்ற புனைபெயரில் ஒரு தாய் 1993இல் எழுதிய நூல், தன் இரு குழந்தைகளும் இம்முறையால் மீண்டதாகச் சொன்னபோது, பயிற்சியாளர்களைத் தேடும் கூட்டம் கட்டுக்கடங்காமல் பெருகியது.

முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளர்கள் இவ்வளவு தேவைக்கு ஈடுகொடுக்கும் எண்ணிக்கையில் இல்லை. ஊர் ஊராகப் பறந்து, ஒரு வார இறுதியில் ஒரு குடும்பத்துக்கும் அவர்கள் அமர்த்திய கல்லூரி மாணவர்களுக்கும் பயிற்சி கொடுத்துத் திரும்பும் ஆலோசகர் என்ற புதிய பிழைப்பு முறை 1990களில் உருவாயிற்று. செலவு குடும்பங்களின் தலையில் விழுந்தது. பள்ளி மாவட்டங்கள் மீதும் அரசுகள் மீதும் வழக்குகள் குவிந்தன. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா அரசுக்கு எதிராகப் பெற்றோர் தொடுத்த ஆட்டன் வழக்கில், இந்தச் சிகிச்சைக்குப் பணம் தரும் கட்டாயம் அரசுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில், தாமே ஆட்டிசம் உள்ளவரான மிஷெல் டாசன் தலையிட்டு, பெற்றோரும் உளவியலாளர்களும் மட்டும் பேசிக்கொண்டிருந்த மன்றத்தில், சிகிச்சை பெறுபவர்களின் தரப்பை முன்வைத்தார்.

1998இல் ஜெரால்ட் ஷூக் என்பவரின் முயற்சியால், ஃபுளோரிடாவின் தேர்வு முறையை அடியொற்றி, நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்கான தேசியச் சான்றளிப்பு வாரியம் அமைந்தது. அதோடு தொழிலின் ஏணி மாறிவிட்டது. பழைய ஏணியில் உளவியல் முனைவர் பட்டம், மருத்துவமனைப் பயிற்சி, மாநில உரிமம் என்று பல ஆண்டுகள் ஏறவேண்டும். புதிய ஏணியில் முதுகலைப் பட்டம், மேற்பார்வையில் 2,000 மணி நேரம் வரையான களப்பணி, ஒரு தேர்வு. 2014இல் இதற்கும் கீழே, 40 மணி நேரப் பயிற்சியோடு நுழையக்கூடிய பதிவுபெற்ற நுட்பாளர் என்ற படி சேர்க்கப்பட்டது. டிக்கியின் மருத்துவமனைக் கூடத்து உதவியாளரும், லாஸ் ஏஞ்சலிஸில் கல்லூரி மாணவரும் செய்த வேலைக்கு இப்போது ஒரு பெயரும் பதிவெண்ணும் கிடைத்தன. முதுகலை மட்டச் சான்றிதழ் பெற்றவர்கள் 2024 இறுதியில் 70,000 பேரைத் தாண்டினார்கள். நுட்பாளர்கள் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளர் இக்கூட்டத்தில் சிறுபான்மையாகி, நோயறிதல், ஆய்வு, ஆசிரியப் பணி, சிக்கலான நேர்வுகளின் மேற்பார்வை என்ற இடங்களுக்கு நகர்ந்தார்.

இந்தப் பெருக்கத்துக்குப் பணம் காப்பீட்டிலிருந்து வந்தது. இண்டியானா 2001இல் தொடங்கிவைத்த காப்பீட்டுக் கட்டாயம் 2019க்குள் ஐம்பது மாநிலங்களுக்கும் பரவியது. நோயறிதலும் விரிந்தது: 2000ஆம் ஆண்டில் எட்டு வயதுக் குழந்தைகளில் 150 பேரில் ஒருவர் என்றிருந்த அமெரிக்கக் கணக்கு, 2022இல் 31 பேரில் ஒருவர் என்றாகியது. முதலீட்டு நிறுவனங்கள் மையங்களை விலைக்கு வாங்கின. லோவாஸின் மாணவி டோரீன் கிரான்பீஷே 1990இல் தொடங்கிய மைய வரிசையை 2018இல் பிளாக்ஸ்டோன் நிறுவனம் வாங்கியது. 2023இல் அந்த மைய வரிசை திவால் மனு தாக்கல் செய்தது. மணிக் கணக்கில் பணம் வரும் தொழிலில், குழந்தைக்குத் தேவையான மணி நேரமும் நிறுவனத்துக்குத் தேவையான மணி நேரமும் ஒன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. துறைக்குள்ளிருந்தே இந்தக் கவலை இன்று உரக்கப் பேசப்படுகிறது.

அதைவிட ஆழமான கேள்வியை எழுப்பியவர்கள், வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசம் உள்ளவர்கள். ஜிம் சின்கிளேர் 1993இல் பெற்றோரை நோக்கி எழுதிய கட்டுரை, எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. 2006இல் ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் உரிமை அமைப்பு அமெரிக்காவில் உருவானது. கையசைப்பதை நிறுத்து, கண்ணைப் பார், அசையாமல் உட்கார் என்று வருடக்கணக்கில் பயிற்றுவித்ததில் தாங்கள் கற்றது தங்களை மறைத்துக்கொள்வதைத்தான் என்று அவர்கள் சொன்னார்கள். கேட்பவர் நெஞ்சில் தைக்கும் சாட்சியம் அது. ஐம்பது ஆண்டுக் காலப் பதிவேடுகளில் இல்லாத பத்தி அவர்கள் வாயிலாக எழுதப்பட்டது. ஸ்கின்னரின் மாணவர் மேத்யூ இஸ்ரேல் நிறுவி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இயங்கும் மையம் மட்டும் உடலில் பொருத்திய கருவியால் மின்னதிர்ச்சி கொடுப்பதைத் தொடர்ந்தது. 2020இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விதித்த தடையை மறு ஆண்டே நீதிமன்றம் நீக்கியது. துறையின் பெரும்பான்மையினர் அம்முறையைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகியும், அந்த ஒரு மையத்தின் நிழல் எல்லார் மீதும் விழுகிறது.

தொழிலும் மாறிவந்திருக்கிறது. சாலி ராஜர்ஸும் ஜெரால்டின் டாசனும் வகுத்து, 2010இல் 48 குழந்தைகளின் ஆய்வாக வெளியிட்ட டென்வர் முறை, விளையாட்டையும் உறவையும் நடுவில் வைத்தது. 2015இல் ஷ்ரைப்மனும் பலரும் சேர்ந்து, வளர்ச்சி உளவியலையும் நடத்தைவாதத்தையும் இணைக்கும் இத்தகைய முறைகளை ஒரே குடும்பமாகத் தொகுத்தார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த சான்றளிப்பு வாரியத்தின் நெறிமுறை, குழந்தையின் இசைவைக் கவனிக்கவேண்டும் என்கிறது. சான்றின் வலிமையைப் பொறுத்தவரை அடக்கம் தேவைப்படுகிறது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டு மதிப்பாய்வில் தீவிரமான ஆரம்பகாலப் பயிற்சி பற்றி ஐந்து ஆய்வுகளே தேறின. அவற்றிலிருந்த குழந்தைகள் 219 பேர். குலுக்கல் முறையில் நடந்தது ஒன்றே. சில குழந்தைகளுக்குச் சிறிதளவு பயன் உண்டு, சான்று வலுக்குறைந்தது என்பது அதன் முடிவு.

இந்தியாவில் இத்தொழில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புக் கல்வியின் வழியாக வந்தது. பெங்களூரில் இன்று நிம்ஹான்ஸ் எனப்படும் நிறுவனத்தில் 1955இல் மருத்துவ உளவியல் படிப்பு தொடங்கியது. சென்னையில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் 1970களில் உருவாக்கிய மதராஸ் வளர்ச்சித் திட்ட முறை, 18 பிரிவுகளில் 360 அன்றாடச் செயல்களைப் பட்டியலிட்டு, குழந்தைக்கு எது தெரியும், அடுத்து எதைக் கற்பிக்கலாம் என்பதை ஆசிரியர் பார்த்துக் குறிக்க வழிசெய்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காகச் செகந்திராபாத்தில் இயங்கும் தேசிய நிறுவனத்தில் ரீட்டா பெஷாவரியாவும் வெங்கடேசனும் 1992இல் வெளியிட்ட நடத்தை மதிப்பீட்டு அளவுகோல்கள் சிறப்புப் பள்ளிகளில் பரவின. டெல்லியில் மெரி பருவா 1991இல் தொடங்கிய ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ பெற்றோர் இயக்கமாகவும் பயிற்சிக் கூடமாகவும் வளர்ந்தது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உரிமைகளை விரித்தது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் ஒன்றும் அமைந்தது.

மருத்துவ உளவியலாளர்களை இந்திய மறுவாழ்வுக் குழு 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்கிறது. நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்கு நீண்ட காலம் அப்படியொரு பதிவேடு இல்லாததால், நகரங்களில் பலர் அமெரிக்க வாரியத்தின் சான்றிதழையே தகுதியாகக் காட்டினார்கள். 2023 தொடக்கத்திலிருந்து அந்த வாரியம் இந்தியா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. அதற்குள் 2021இல் நிறைவேறிய துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில், நடத்தை நலத் துறையினர் என்ற பிரிவின் கீழ், நடத்தைப் பகுப்பாய்வாளரும் தனித் தொழிலராகப் பெயர் பெற்றார்.